சின்னக் குழந்தைகளோடு தீம் பார்க்: பாதி நாளுக்குத் திட்டமிடுங்கள்

தீம் பார்க் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் வெளியே வந்தது அளவு நாடாதான். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று இன்னும் முடியவில்லை. இரண்டு பேரையும் சுவரோரமாக நிற்கவைத்து, செருப்பில்லாமல் உயரம் எடுத்துக் குறித்து வைத்தோம். தேதி, டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சின்னக் குழந்தைக்கு ஒரு பூங்காவில் என்னென்ன கிடைக்கும் என்பதை வயதைவிட உயரம்தான் தீர்மானிக்கிறது.

எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைப் பெரும்பாலான பூங்காக்கள் தங்கள் இணையதளத்திலும் ஆப்பிலும் போட்டிருக்கும். ஒரு உதாரணத்துக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலில் ஏற 38 அங்குலம், அதாவது 97 செ.மீ. உயரம் வேண்டும். இருட்டுக்குள் ஓடும் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம், 112 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 103 செ.மீ. பக்கம், ஐந்து வயதில் 110 பக்கம். அப்படியானால் முதல் ரயிலில் மூன்றைத் தாண்டிய பல குழந்தைகள் ஏறிவிடலாம், இரண்டாவதற்கு ஐந்தரை வயதாவது ஆக வேண்டும். பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றில் கேட்கும் 48 அங்குலம், 122 செ.மீ., ஏழு வயதை ஒட்டித்தான் வரும். சராசரி என்பது சராசரிதான். ஒரே வயதில் ஒரு சாண் வித்தியாசம்கூட இருக்கும். அதனால் உங்கள் குழந்தையை நீங்களே அளந்து பாருங்கள்.

இந்த விதி எதற்கு என்று மகள் கேட்டாள். இருக்கையில் நம்மைப் பிடித்து வைக்கும் கம்பியைக் காட்டித்தான் விளக்கினேன். பல ரைடுகளில் ஒரே கம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் மடியிலும் இறங்கும். பெரியவரின் தொடையில் பட்டதும் அது நின்றுவிடும். அப்போது குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும், சின்ன உடம்பு அதில் நழுவலாம். குழந்தை இருக்கையில் முதுகு சாய்த்து, கம்பியை இறுகப் பிடித்து, கடைசி வரை அப்படியே உட்கார்ந்திருக்குமா என்பதும் அந்த உயரக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அப்பா, பையனின் ஷூவுக்குள் காகிதத்தை மடித்து வைத்து உயரம் காட்டப் பார்த்தார். அளவுக்கோலோடு நின்ற ஊழியர் பொறுமையாக ஷூவைக் கழற்றச் சொன்னார். பையன் எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு அந்த ஊழியர் மேல் மரியாதைதான் வந்தது. குழந்தையின் உயிர் விஷயத்தில் இந்த ஒரு விதியை மட்டும் யாரும் வளைக்கப் பார்க்காதீர்கள்.

அளந்த உயரத்தோடு பட்டியலைப் பார்த்ததும் பாதி ரைடுகள் தானாகவே கழிந்துவிடும். மிச்சம் இருப்பதில் குழந்தைகளிடமே கேட்டு ஆளுக்கு இரண்டு 'கண்டிப்பா வேணும்' எழுதி வைத்துக்கொண்டோம். அவ்வளவுதான் அன்றைய திட்டம். அதற்கு மேல் கிடைத்தது எல்லாம் உபரி. உயரம் எட்டாத ரைடுகளைப் பற்றி வீட்டிலேயே பேசிவிடுவது ரொம்ப முக்கியம். "அது பெரிய அண்ணன்களுக்கு, நீ இன்னும் வளரணும்" என்று மகனிடம் முன்கூட்டியே பலமுறை சொல்லி வைத்திருந்தோம். அந்த வாசலைக் கடந்தபோது "நான் வளரணும்" என்று அவனே சொல்லிக்கொண்டு நடந்தான். அங்கே போன பிறகு முதல் தடவையாகக் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இப்போது இதைப் படிக்கிறவர்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். தீம் பார்க் திறந்திருக்கும் நேரம் வேறு, சின்னக் குழந்தையின் நாள் வேறு. பூங்கா பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கலாம். மூன்று வயதுக் குழந்தையிடம் அதில் பாதிக்குத்தான் தெம்பு உண்டு. ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, பகல் தூக்கமும் அதில் சேர்த்தி. அதில் கைவைத்தால் குழந்தை அதை அழுகையாகத் திருப்பித் தந்துவிடும். 'டிக்கெட் காசை எடுத்துடணும்' என்ற நினைப்புதான் இந்தப் பயணங்களைக் கெடுக்கிறது. காசு போனது போனதுதான், மாலை ஆறு மணி வரை இழுத்தடித்தால் அது திரும்பி வரப்போவதில்லை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் அந்தக் காசு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனசு லேசாகிவிடும்.

பாதி நாள் என்று முடிவு செய்துவிட்டால், எந்தப் பாதி என்பதில் சந்தேகமே வேண்டாம், காலைதான். சின்னக் குழந்தைகள் எப்படியும் விடிந்ததும் எழுந்துவிடும். திறப்பு நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வாசலில் நின்றோம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது, அப்புறம் மதியம் வரை நடந்ததைவிட அதிகம். இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். உள்ளே நுழைகிறவர்களில் நிறையப் பேர் கண்ணில் படும் முதல் ராட்டினத்தின் முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். நாங்கள் அதைத் தாண்டி, பூங்காவின் கடைக்கோடிக்கு நேராகப் போய் அங்கிருந்து வாசலை நோக்கி வந்தோம். பின்பக்கம் ஆளே இல்லை.

தேதியும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாத வயதுக் குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, வாரநாளில் போகலாம். விடுமுறைக் காலமும் சனி ஞாயிறும் தவிர்த்தால் வரிசை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மூத்ததற்கு ஒருநாள் பள்ளிக்கு லீவு போட்டால் ஒன்றும் குடி முழுகாது என்பது என் கட்சி. கணவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

எந்தப் பூங்கா என்பதற்கு வருகிறேன். ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் பேர் பெற்ற பெரிய பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. லெகோலேண்ட் பூங்காக்கள் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளை மனதில் வைத்தே கட்டப்படுகின்றன, டென்மார்க்கின் பில்லுண்டில் 1968-ல் முதலாவது திறந்தது. நெதர்லாந்தின் எஃப்டலிங் 1952-ல் தொடங்கியபோது இருந்தது மரங்களுக்கு நடுவே நடந்து பார்க்கும் ஒரு கதைக் காடுதான். இன்றும் அது இருக்கிறது, அதற்கு உயர வரம்பும் இல்லை. எந்த ஊர்ப் பூங்காவாக இருந்தாலும் அதன் வரைபடத்தில் இப்படித் தேடுங்கள்: ஏறாமலேயே பார்க்க என்ன இருக்கிறது, ஓடி விளையாட இடம் எங்கே, நிழல் எங்கே, ஏசி அரங்கு எங்கே. எங்கள் மகன் அன்றைக்கு அதிக நேரம் நின்றது தரையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும் ஒரு திடலில்தான். அதற்கு வரிசை கிடையாது. பூங்காவில் வேறு எதுவுமே இல்லையென்றாலும் அவனுக்கு அது போதும் போலிருந்தது. ஒரு ஜோடி மாற்று உடை இதற்காகவே கையில் இருக்கட்டும்.

வரிசையில் நிற்பதுதான் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வரும் பெரிய சோதனை. வெயில், மழை, நடை எல்லாம் அதற்கு அடுத்துத்தான். பூங்கா நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். மேஜிக் கிங்டத்தில் பறக்கும் யானை ராட்டினத்தை 2012-ல் இரண்டாகப் பெருக்கியபோது, காத்திருக்கும் இடத்தையே ஒரு உள்ளரங்க விளையாட்டுத் திடலாக மாற்றினார்கள். பெற்றோர் கையில் ஒரு பேஜர் கொடுத்து, குழந்தைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருக்க, முறை வந்ததும் அழைப்பு வரும்படி செய்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. அப்போது நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து மலைக்காதீர்கள், அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். ஒரு சுற்றுக்கு முப்பது பேரை ஏற்றி, நிறுத்தி, இறக்கி, மறுபடி ஏற்றும் ராட்டினத்தில் குட்டி வரிசைகூட ஊர்ந்துதான் போகும். ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் வந்துகொண்டே இருக்கும் ரைடில் நீண்ட வரிசையும் சரசரவென்று கரையும். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னி கட்டிய, உலகக் குழந்தைகள் பொம்மைகளாக நின்று பாடும் படகு ரைடு அந்த வகை. டிஸ்னியின் பல பூங்காக்களில் இன்றும் அது இருக்கிறது. கைக்குழந்தையையும் மடியில் வைத்துப் போகலாம். மதிய வெயிலில் இந்த மாதிரி படகு ரைடைத் தேடிப் போங்கள். நிழலும் குளிர்ச்சியும் உட்கார இடமும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அப்படியும் ஒரு தடவை நீண்ட வரிசையில் மாட்டினோம். மகள் எழுதி வைத்திருந்த இரண்டில் ஒன்று என்பதால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. என் பையில் ஒரு ஸ்டிக்கர் தாள் இருந்தது. வரிசை ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் ஆளுக்கொரு ஸ்டிக்கர், அதை அப்பா கையில்தான் ஒட்ட வேண்டும் என்று விதி வைத்தேன். மகன் அடுத்த வளைவு எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். நேராக நிற்கும் வரிசையைவிட வளைந்து வளைந்து போகும் வரிசை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாசலை எட்டியபோது கணவரின் இடது கை முழங்கை வரைக்கும் நட்சத்திரமும் மீனும். பின்னால் நின்ற ஒரு குட்டிப் பெண்ணுக்கும் இரண்டு கொடுத்தோம். கைப்பேசியை நாங்கள் அதுவரை வெளியே எடுக்கவே இல்லை. அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருந்தால்தான் உதவும், முதல் ஐந்து நிமிடத்திலேயே கொடுத்துவிட்டால் அப்புறம் கைவசம் ஒன்றும் இருக்காது. பேட்டரியும் தீர்ந்துவிடும், டிக்கெட்டும் வரைபடமும் அதற்குள்தானே இருக்கிறது. பவர் பேங்க் கட்டாயம்.

வரிசையில் நுழையும் முன் எல்லோரும் ஒருமுறை கழிப்பறைக்குப் போய் வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். "வருதா?" என்று கேட்டால் குழந்தை இல்லை என்றுதான் சொல்லும். கேட்காமல் கூட்டிப்போங்கள். டயப்பர் விட்டுப் புதிதாகப் பழகியிருக்கும் குழந்தைக்கு அன்று ஒருநாள் மட்டும் டயப்பர் போட்டால் தப்பில்லை, பழகியது ஒன்றும் மறந்துவிடாது. இன்னொன்றும் உண்டு. இப்போது பல இடங்களில் தானாகத் தண்ணீர் ஊற்றும் சென்சார் கழிப்பறைகள். சின்ன உடம்பை சென்சார் சரியாக உணராமல், குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே இரைச்சலோடு தண்ணீர் பாயும். ஒருமுறை அப்படிப் பயந்த குழந்தை அன்று முழுக்க அடக்கிக்கொண்டே இருக்கும். ஒட்டுக் காகிதம் கொஞ்சம் பையில் வையுங்கள். சென்சார் மேல் ஒன்றை ஒட்டிவிட்டால் எழுந்த பிறகு எடுக்கும் வரை அது வாயைத் திறக்காது. கேட்பதற்குச் சின்ன விஷயம். எங்களுக்கு அன்று இதைவிட உதவிய பொருள் வேறு இல்லை.

பெரிய ரைடில் அப்பாவும் அம்மாவும் ஏற ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. டிஸ்னி பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சல் பூங்காக்களில் சைல்டு ஸ்வாப் என்று அதற்குப் பெயர். முதலில் ஒருவர் ஏறி வர, மற்றவர் குழந்தையோடு காத்திருப்பார். அவர் திரும்பியதும் இவர் முழு வரிசையில் மறுபடி நிற்காமலேயே ஏறிக்கொள்ளலாம். வேறு பல பூங்காக்களிலும் இதே ஏற்பாடு வேறு பெயரில் உண்டு. பலகையில் எழுதியிருக்காவிட்டாலும் வாசலில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள். எங்கள் விஷயத்தில் இரண்டாம் முறை போனவரோடு மகளும் சேர்ந்துகொண்டாள்.

பயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிஜத்துக்கும் வேஷத்துக்கும் உள்ள கோடு இன்னும் அழுத்தமாக விழுந்திருக்காது. பெரியவர்களுக்கு அழகாகத் தெரியும் வேஷக்காரர் அதன் கண்ணுக்கு ஆறடி உயரத்தில், இமைக்காத கண்ணோடு, பேசாமல் நெருங்கி வரும் ஒன்று. வீட்டில் கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டே தூங்குகிற எங்கள் மகன், நிஜக் கரடி வேஷத்தைப் பார்த்ததும் என் காலுக்குப் பின்னால் போய்விட்டான். பக்கத்தில் நிறையப் பெற்றோர் அழுகிற குழந்தைகளைக் கரடியின் கையில் திணித்து "சிரி, இங்கே பாரு" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம், அவ்வளவுதான். வேஷத்துக்குள் இருந்தவர் கெட்டிக்காரர். எங்களைப் பார்த்ததும் கிட்டே வரவில்லை. அங்கேயே ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, அவனுடைய உயரத்துக்கு வந்து, கையை மட்டும் மெல்ல அசைத்தார். இவன் என் காலைவிட்டு ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினான். அப்புறம் கையை அசைத்தான். அன்றைக்கு அது போதும் என்று கிளம்பிவிட்டோம். திரும்பி வரும் வழியில் அதே கரடியைப் பார்த்ததும் அவனே என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் உள்ளங்கையில் ஒரு அடி அடித்துவிட்டு வந்தான். படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

ரைடுகளுக்கும் இதேதான். பெரும்பாலான ரைடுகளை முன்னிருக்கையிலிருந்து எடுத்த வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள், இருட்டு எங்கே வரும், சத்தம் எப்போது வரும் என்று தெரிந்துவிடும். ஆச்சரியம் போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம். சின்னக் குழந்தைக்குத் தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதுதானே பிடிக்கும். இவ்வளவு செய்தும் மகள் ஒரு ரைடின் வாசலில், ஏறும் முறை வந்த பிறகு, "அம்மா, எனக்கு வேண்டாம்" என்றாள். உதடு துடித்தது. அவ்வளவு நேரம் நின்றோமே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று நானும் கணவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். ஊழியர் சிரித்துக்கொண்டே ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பெரும்பாலான ரைடுகளில் ஏறும் மேடை வரை போய்விட்டு இப்படி வெளியேற வழி இருக்கும். பயந்த குழந்தையைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால், அந்த ஒரு ரைடோடு போகாது. அன்றைய மற்ற ரைடுகளும் சேர்ந்து போய்விடும்.

வாணவேடிக்கை, அணிவகுப்பு மாதிரி பெரிய சத்தம் வரும் இடங்களுக்குக் குழந்தைகளுக்கான காது மூடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு போதாது. இரவு வாணவேடிக்கைக்காக மூன்று வயதுக் குழந்தையை உட்காரவைத்துக் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். மதியம் நன்றாகத் தூங்கியிருந்தால் மட்டும் பார்க்கலாம்.

தூக்கம் என்றதும் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி, நினைவுக்கு வருகிறது. "அவன்தான் நல்லா நடக்கிறானே" என்று வீட்டில் விட்டுப் போகாதீர்கள். பெரிய பூங்காவில் பெரியவர்களே ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடந்துவிடுவது சாதாரணம். நான்கு வயதுக் குழந்தைக்கும் ஸ்ட்ரோலர் வேண்டும், ஐந்து வயதுக்குக்கூட மதியத்துக்கு மேல் தேவைப்படலாம். கிளம்பும் முன் அளவு விதியையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள், இழுத்துச் செல்லும் வேகன் வண்டிகளும் கூடாது. ரைடு வாசலில் விட்டுவிட்டுப் போகும் ஸ்ட்ரோலரை ஊழியர்கள் ஒழுங்குபடுத்த நகர்த்தி வைப்பார்கள். திரும்பி வரும்போது ஒரே நிறத்தில் நூறு வண்டிகள் நிற்கும். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டிவிட்டால் தேட வேண்டியதில்லை. தூங்கும் குழந்தைக்கு வெயில் படக்கூடாதென்று ஸ்ட்ரோலரைப் போர்வையால் மூடிவிடுகிறார்கள், அது மட்டும் வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். நிழலுக்குத் தள்ளிப் போங்கள்.

எங்கள் மதியத் தூக்கம் அறையில்தான் நடந்தது. வெளியே போய்த் திரும்ப அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டு வைத்திருந்தோம், பல பூங்காக்களில் கையில் முத்திரை குத்தி விடுவார்கள். அதற்காகவே தங்கும் இடத்தையும் நடக்கும் தூரத்தில் எடுத்தோம். அறை கொஞ்சம் சின்னது. ஆனால் பத்து நிமிடத்தில் படுக்கையில் போட முடிந்தது. தூரத்தில் தங்குகிறவர்கள் ஏசி அரங்கில் ஏதாவது நிகழ்ச்சி நடக்கும் நேரமாகப் பார்த்து மடியில் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்குப் பால் கொடுக்க, டயப்பர் மாற்ற என்று தனி அறைகள் பெரிய பூங்காக்களில் இருக்கும், அங்கே சத்தம் குறைவு.

சாப்பாட்டுக்கு ஒரே விதிதான், பசிக்கும் முன் கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், நீங்கள் பதினொன்றுக்கே முடித்துவிடுங்கள். குழந்தைகளுக்கான உணவைப் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள், மற்றவற்றுக்கு அந்தந்தப் பூங்காவின் விதியைப் பாருங்கள். கொறிக்க ஏதாவது பையில் எப்போதும் இருக்கட்டும். சாப்பிட்டு முடித்த கையோடு சுற்றும் ராட்டினத்தில் ஏற்றாதீர்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீரை அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருங்கள். சன்ஸ்கிரீன் வெயிலில் இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் தொப்பியும் மெல்லிய முழுக்கை உடையும்தான் சரி.

கூட்டத்தில் குழந்தை தவறிவிடுமோ என்பது எல்லா அம்மாக்களுக்கும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும் பயம். அதற்கு நான் செய்தவை இவை. காலையில் கிளம்பியதும் இரண்டு பேரையும் நிற்கவைத்து, அன்று போட்டிருக்கும் உடையோடு தலை முதல் கால்வரை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பதுகூட மறந்துபோகும். மணிக்கட்டில் எங்கள் கைப்பேசி எண் எழுதிய பட்டை, எண் உள்பக்கமாக. பேரை வெளியே தெரிய எழுதவில்லை. ஊழியர்களின் சட்டையில் இருக்கும் பெயர்ப் பட்டையைக் காட்டி, "இது போட்டவங்ககிட்ட போ, இல்லேன்னா நின்ன இடத்திலேயே நில்லு" என்று உள்ளே நுழைந்ததுமே இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உங்கள் குழந்தைக்கு உங்கள் பெயர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மகனிடம் கேட்டபோது "அம்மா" என்றான். அம்மாவோட பேர் என்ன என்று மறுபடி கேட்டாலும் "அம்மா"தான். ஒரு வாரம் குளிக்கும்போதெல்லாம் பாட்டு மாதிரி சொல்லிச் சொல்லி என் பெயரையும் அப்பா பெயரையும் பழக்கினோம். ஒருவேளை காணவில்லை என்று தெரிந்தால் கூச்சப்பட்டு அமைதியாகத் தேடாதீர்கள். "மஞ்சள் சட்டை, மூன்று வயதுப் பையன்" என்று உரக்கச் சொல்லுங்கள். சுற்றியிருக்கும் அத்தனை பேரும் அந்த நொடியே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தாத்தா பாட்டியையும் கூட்டிப்போவதாக இருந்தால் அவர்களை ஆள்பார்க்கும் வேலைக்கு என்று மட்டும் வைக்காதீர்கள். என் அம்மா குதிரை ராட்டினத்தில் பேத்தியோடு ஏறினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

பரிசுக் கடை விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பல ரைடுகளின் வெளிவாசல் கடைக்குள்தான் திறக்கும். ஆளுக்கு ஒரு பொருள், அதுவும் கிளம்பும்போதுதான் என்று முன்பே பேசிவிட்டால் போகும் வழியெல்லாம் அடம் இருக்காது. நடுவில் பிடித்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடைசியில் அந்தப் படங்களைக் காட்டினால் பாதியை அவர்களே மறந்திருப்பார்கள்.

கிளம்பும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, குழந்தையின் முகம் சொல்லிவிடும். கண்ணைக் கசக்குவது, காரணமில்லாமல் தம்பியைத் தள்ளுவது, பிடித்த பொருளையே வேண்டாம் என்று எறிவது. இவற்றில் ஒன்று தெரிந்ததும் நாங்கள் "கடைசி ரைடு" என்று அறிவித்துவிட்டோம். எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைகளுக்கு. வரிசை இல்லாத குதிரை ராட்டினத்தையே இரண்டு பேரும் கேட்டார்கள். அழுகை வெடித்த பிறகு கிளம்பினால் அதே அழுகையோடுதான் கார் வரைக்கும் போக வேண்டும், அதனால் இந்த ஒரு ரைடுக்கான இடைவெளியை விட்டு முன்னதாகவே அறிவிப்பது நல்லது. தொடர்ந்து சில நாள் பூங்காவுக்குப் போகிறவர்கள் நடுவில் ஒருநாளைக் காலியாக விடுங்கள். நீச்சல் குளமோ, அறையில் படுத்துக் கிடப்பதோ எதுவானாலும் சரி. ஊருக்குத் திரும்பும் பயணத்தையும் மறுநாள் விடியற்காலைக்கு வைக்காமல் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை இரண்டும் ஒன்பது மணிக்கு மேல்தான் கண் விழிக்கும்.